படிப்போரை ஈர்த்த நெறிகள்: தமிழ் இதழ் வரலாற்றில் ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

தமிழ் இதழ்களின் வரலாற்றினை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் இதழின் பெயர், தோன்றிய ஆண்டு, ஆசிரியர், கொள்கை என்னும் நான்கினையே ஆராய்ந்து வந்துள்ளனர். மயிலை சீனி. வேங்கடசாமியார் 1962இல் வெளியிட்ட 'பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் இலக்கியம்' என்னும் நூல் பழைய இதழ்கள் பலவற்றின் செய்திகளைத் திரட்டித் தந்து, பின்வந்தோர்க்கு வழிகாட்டியாயிற்று. எனினும், ஓர் இதழ் பல்லாயிரவர் கைக்குச் சென்றதற்கும், அதனோடு ஒருங்கு தோன்றிய மற்றோர் இதழ் விரைவில் மறைந்ததற்கும் காரணம் யாது என்னும் வினா அத்துணை ஆழமாக எழுப்பப்படவில்லை. எழுதினோரை வரலாறு அறியும். படித்தோரை அஃது அறியாது. இக்குறையினை ஒரு சிறிதேனும் நிறைத்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதழ்கள் அச்சாகும் நகரத்திலிருந்து நோக்குவோர்க்கு எல்லா இதழும் எல்லார் கையிலும் இருப்பதாகவே தோன்றும். ஆதலின், நகரத்திற்கு அப்பால் ஓர் ஊரை அளவுகோலாகக் கொள்ளுதல் நன்று. யாம் ஈண்டுப் பொதட்டூர்பேட்டையை அவ்வாறு கொள்கின்றோம். திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கே, பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லையை அடுத்து அமைந்த நெசவாளர் ஊர் அது. 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டத்துள் அப்பகுதி அடங்கியிருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபொழுது அம்மாவட்டத்துடன் அங்குச் சென்றது. எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்பிரல் முதல் நாள் திருத்தணிப் பகுதியோடு தமிழ்நாட்டுக்கு மீண்டது. தொழிலால் ஓய்வு குறைந்தோரும், எல்லையில் வாழ்தலால் மொழி பற்றிய கவலை மிகுந்தோரும் வாழ்ந்த இத்தகைய ஊரில் ஓர் இதழ் படிக்கப்பெறுதற்கு அதன்பால் என்ன தகுதி இருந்திருத்தல் வேண்டும்? இதுவே எம் வினா.

2. கண்ணிற்கு முன் காது

1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவரே எழுத்தறிந்தவர். எனவே அக்காலத்தில் படிப்பு என்பது ஒருவர் படிக்கப் பலர் கேட்டலையே பெரிதும் குறித்தது. திண்ணையில் பாரதம் படித்தலும், தேநீர்க் கடையில் செய்தித்தாளை உரக்கப் படித்தலும் ஒரே மரபின் இரு கிளைகள் எனலாம். குழித்தறியில் அமர்ந்த நெசவாளர்க்குக் கையும் காலும் தொழிலில் ஈடுபட்டிருக்கும். கண் பாவின்மேல் நிற்கும். காது ஒன்றே ஓரளவு ஓய்ந்திருக்கும். அக்காதின் வழியாகவே எழுத்து அவரை எய்தக் கூடும்.

இவ்வுண்மையை முதலில் உணர்ந்தோர் புலவர் அல்லர். சென்னையில் கதைப்பாடல்களையும் அம்மானைகளையும் அச்சிட்டு விற்ற பதிப்பாளரே ஆவர். பி. இரத்தின நாயகர் அண்ட் ஸன்ஸ் முதலிய பதிப்பகத்தார் தம் நூல்களின் பெயருக்கு முன்னர்ப் 'பெரிய எழுத்து' என்னும் தொடரைச் சேர்த்து அச்சிட்டனர். அத்தொடர் நூலின் பொருளைக் கூறவில்லை. படிப்போரின் நிலையை அறிந்து கூறியது. மங்கிய விளக்கொளியில் எழுத்துக் கூட்டிப் படிப்பவனை நோக்கி, 'இது நின்னாற் படிக்கத் தக்கது' என அத்தலைப்பு அறிவித்தது. தலைப்பு என்பது நூலுக்கு அணி அன்று, படிப்போர்க்கு அளிக்கும் உறுதிமொழி என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

3. தொடக்க கால இதழ்கள்

1831இல் சென்னையில் கிறித்தவச் சங்கத்தார் வெளியிட்ட 'தமிழ் மேகசின்' முதல் தமிழ் இதழாகக் கூறப்படுகிறது. 1841இல் யாழ்ப்பாணத்தில் 'உதயதாரகை' தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. 1855இல் பெர்சிவல் பாதிரியார் 'தினவர்த்தமானி'யைத் தொடங்கினார். பெயரில் நாள் இருப்பினும் அது கிழமைக்கு ஒருமுறையே வெளிவந்தது. இவ்விதழ்களின் நோக்கம் போதித்தல். ஆசிரியர் உயர்ந்த இருக்கையிலும் படிப்போர் கீழ்நிலையிலும் இருந்தனர். பள்ளியும் திருச்சபையும் தந்த படிப்போரே இவற்றுக்கு இருந்தனராதலின், புதியவரைத் தேடிச் செல்லும் தேவை இவற்றுக்கு மிகுதியாக எழவில்லை.

1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய 'சுதேசமித்திரன்' இந்நிலையினை மாற்றியது. ஆங்கிலம் அறியாதாரும் அரசியலை அறிதல் வேண்டும் என்னும் நோக்குடன் பிறந்த அவ்விதழ், 1899இல் நாளிதழாயிற்று. படிப்போனை மாணாக்கனாகக் கருதாது நாட்டின் குடியாகக் கருதிய மாற்றமே ஈண்டுக் குறிக்கத் தக்கது. ஈர்ப்பு நெறிகள் யாவும் இம்மாற்றத்தின் பின்னரே தோன்றின.

4. படமும் தொடர்கதையும்

1906இல் சென்னையில் தோன்றிய 'இந்தியா' வார இதழில் பாரதியார் கருத்துப் படங்களை வெளியிட்டார். அரசியலைப் படத்தாற் கூறும் முறை தமிழ் இதழுலகில் வேரூன்றியது இவ்விதழாலேயாகும். எழுத்தறியாதவனும் படத்தைக் காணலாம். கண்டபின் அதன் பொருளை அறிந்தவரிடம் வினவலாம். வினவிய அளவிலேயே அவன் அவ்விதழின் வாசகர் குழுவிற் சேர்ந்துவிடுகின்றான். 1908இல் புதுவைக்குச் சென்ற அவ்விதழைப் பிரிட்டிஷ் இந்தியாவிற் புகாதவாறு அரசு தடுத்தமையும், அதனால் 1910இல் அது நின்றமையும் அதன் ஆற்றலுக்குச் சான்றாகும்.

தொடர்கதை மேலைநாட்டில் முன்னரே இதழ்களை வளர்த்தது. பாரிசில் ஜிரார்தேன் 1836இல் தொடங்கிய 'லா பிரெஸ்' நாளிதழ் விலையைப் பாதியாக்கித் தொடர்கதையையும் சேர்த்துப் பெருவெற்றி கண்டது. தமிழில் 1892இல் தோன்றிய 'விவேகசிந்தாமணி'யில் பி. ஆர். ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை தொடராக வந்தது. தமிழ் நாவலின் முதற்படிகளுள் ஒன்று இதழின் பக்கங்களிலேயே அமைந்தது என்பதை இலக்கிய மாணவர் மறத்தலாகாது.

இந்நெறியைப் பெருமக்களிடம் கொண்டு சென்றது 'ஆனந்த விகடன்' ஆகும். 1926இல் தொடங்கப்பெற்ற அவ்விதழை 1928இல் எஸ். எஸ். வாசன் விலைக்கு வாங்கினார். ஆசிரியர் கல்கி அதன்கண் எழுதிய 'தியாகபூமி' 1938-39இல் திரைப்படக் காட்சிகளின் நிழற்படங்களோடு வெளிவந்தது. எழுத்தும் படமும் திரையும் ஒன்றையொன்று தாங்கி நின்ற அம்முறை அக்காலத்தில் புதுமையுடையது. 1941இல் தம் பெயரால் தனி இதழ் கண்ட பின்னர், 1950 முதல் 1954 வரை அவர் எழுதிய 'பொன்னியின் செல்வன்' சோழர் வரலாற்றைக் கல்வெட்டறியாத குடும்பங்களிலும் பேச்சுப் பொருளாக்கியது. வாரத்திற்குச் சில பக்கங்களே படிக்க இயலும் உழைப்பாளியின் ஓய்வுக்கு ஏற்ற அளவினதாகப் பெருநூலைப் பகுத்தளித்தலே தொடர்கதையின் உண்மையான ஆற்றல் என்பது எம் கருத்து. அடுத்த வாரத்திற்காக ஏங்கவைத்தல் அதன் பின்விளைவேயாம்.

5. பரிசு என்னும் தூண்டில்

1930களில் ஆனந்த விகடன் உள்ளிட்ட இதழ்கள் பரிசுடன் கூடிய குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தின. இங்கிலாந்தில் 1881இல் தோன்றிய 'டிட்-பிட்ஸ்' இதழ் ஒரு வீட்டையே பரிசாக அளித்த வரலாறு உண்டு. பரிசுப்போட்டி விற்பனையை உயர்த்தும் என்பதில் ஐயமில்லை. ஆயின் அது வாங்குவோரைத் தருமேயன்றிப் படிப்போரைத் தாராது. விடைத்தாளை வெட்டி எடுத்தபின் எஞ்சிய பக்கங்கள் படிக்கப்பெற்றனவெனின், அதற்குக் காரணம் அப்பக்கங்களின் தகுதியே. விகடன் நிலைத்தது போட்டியால் அன்று. நகைச்சுவையாலும், மாலி முதலியோரின் ஓவியங்களாலும், கதைகளாலுமே எனத் துணியலாம்.

இதற்கு மறுதலையாகவும் ஒரு சான்று உண்டு. 1933இல் தோன்றிய 'மணிக்கொடி' தமிழ்ச் சிறுகதையின் திசையையே மாற்றியது. ஆயினும் அதனைப் படித்தோர் சிலரே. பத்தாண்டு காலமும் அது நிலைக்கவில்லை. எனவே படிப்போர் தொகையும் இலக்கியப் பெருமையும் ஒன்றல்ல. படிப்போரைத் தேடாத இதழ் பெருமை பெறலாம். ஆனால் அப்பெருமை பொதட்டூர்பேட்டை போன்ற ஊரைச் சென்றடைய அரை நூற்றாண்டும் ஆகலாம். அவ்விடைவெளியால் இழப்புறுவோர் அவ்வூரினரே என்பதை இலக்கிய வரலாற்றாசிரியர் கருதுதல் வேண்டும்.

6. மொழியும் விளியும்

1942இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய 'தந்தி', பின்னர்த் 'தினத்தந்தி' ஆயிற்று. பேச்சு வழக்கிலுள்ள எளிய சொற்கள், சிறு வாக்கியங்கள், பெரிய தலைப்புகள் என்னும் மூன்றும் அதன் நெறி. இதழில் எழுதுவோர்க்கென அவர் 'இதழாளர் கையேடு' என ஒரு நூலும் இயற்றினார். 1960இல் அந்நாளிதழில் தொடங்கிய 'கன்னித்தீவு' படக்கதை நாள்தோறும் சிறு பகுதியாக வந்து, தலைமுறை கடந்து நீண்டது. இவ்விதழின் மொழியைப் புலவர் சிலர் எள்ளினர். ஆயின் எழுத்துக் கூட்டிப் படித்தவன் ஒருவன் அதனை உரக்கப் படிக்கையில், கேட்போர்க்குப் பொருள் உடனே விளங்கியது. காதுக்கு ஏற்ற வாக்கியமே கண்ணுக்கும் எளிது என்னும் உண்மை இதனாற் பெறப்படும்.

திராவிட இயக்க இதழ்கள் மற்றொரு நெறியைக் கண்டன. அது விளி ஆகும். அண்ணாதுரை 1942இல் தொடங்கிய 'திராவிட நாடு' இதழில் 1950களில் தம்பிக்கு எழுதும் மடல்களாகத் தம் கட்டுரைகளை அமைத்தார். மு. கருணாநிதி 'முரசொலி'யில் உடன்பிறப்பே என விளித்து எழுதினார். ஆயிரவர்க்கு எழுதியதனை ஒவ்வொருவனும் தனக்கே எழுதியதாகக் கொண்டான். தமிழ் இலக்கியத்தில் முன்னிலைப்படுத்திக் கூறும் மரபு தொன்மையானது. அம்மரபினை முறைப்பெயரால் புதுக்கி அரசியல் உரைநடைக்கு ஆக்கியதே இவர்தம் திறன்.

7. படிப்போனின் வாழ்வே பொருள்

மேற்கூறிய யாவும் வடிவம் பற்றியன. பொருளை நோக்குங்கால், தன் வாழ்வைத் தொடும் எழுத்தையே மக்கள் தேடிப் படித்தனர் என்பது புலனாகும். 1950களின் தொடக்கத்தில் கைத்தறி நெசவாளர் பெருந்துயருற்ற காலத்தில், 1953இல் அண்ணாதுரை முதலியோர் திருச்சியில் கைத்தறித் துணிகளைத் தெருவில் எடுத்துச் சென்று விற்றனர். வேட்டி, சேலை ஆகியவற்றைக் கைத்தறிக்கே ஒதுக்குதல் வேண்டும் என முதலமைச்சர் இராசாசி கோரினார். கருத்தால் மாறுபட்ட இரு சாராரும் தறியைப் பற்றிப் பேசிய அக்காலத்தில், நெசவாளர் ஊர்களில் செய்தித்தாள் பொழுதுபோக்காக இருந்திருத்தல் இயலாது. அது நாளைய உணவைப் பற்றிய செய்தியாகும்.

எல்லைச் சிக்கலும் இவ்வாறே. ம. பொ. சிவஞானம் 1950இல் தொடங்கிய 'செங்கோல்' வார இதழ் வடக்கெல்லைப் போராட்டத்தின் குரலாக விளங்கியது. தம் ஊர் எம்மாநிலத்திற்கு உரியது என்னும் வினாவிற்கு விடை தேடிய மக்களுக்கு அவ்விதழில் தலைப்பின் கவர்ச்சி தேவைப்படவில்லை. ஈண்டு மங்கலங்கிழாரையும் நினைத்தல் தகும். வடவெல்லைப் பகுதியில் ஊர்தோறும் தமிழ் கற்பித்த அப்பெரியார், இதழாளர் அனைவரினும் அடிப்படையான பணியைச் செய்தார். படிப்போரை ஈர்த்தற்கு முன்னர்ப் படிப்போரை ஆக்குதல் வேண்டுமன்றோ?

8. முடிபு

இதுகாறும் கூறியவாற்றான், தமிழ் இதழ்கள் படிப்போரை ஈர்த்தது ஆரவாரத்தால் அன்று, படிப்போனின் நிலையை அறிந்தமையால் என்பது பெறப்பட்டது. பெரிய எழுத்து அவன் கண்ணை அறிந்தது. சிறு வாக்கியம் அவன் காதை அறிந்தது. தொடர்கதை அவன் ஓய்வை அறிந்தது. விளி அவன் மதிப்பை அறிந்தது. நூலும் எல்லையும் பற்றிய எழுத்து அவன் வாழ்வை அறிந்தது. பரிசுப்போட்டி ஒன்றே அவன் பணத்தாசையை அறிந்தது. அஃது ஒன்றே நிலையான வாசகரைத் தாராதொழிந்தது.

இம்முடிபு ஆராய்ச்சியாளராகிய நமக்கும் உரியது. பல்கலைக்கழகக் கட்டுரைகள் பல, அவை எவ்வூரைப் பற்றி எழுதப்பெற்றனவோ அவ்வூரினரால் படிக்கப்பெறுவதில்லை. எளிமை ஆழத்திற்குப் பகை என எண்ணுதல் இதற்கொரு காரணமாம். முடிபினைத் தலைப்பிலும் முதற் பத்தியிலும் தெளிவுறக் கூறுதலும், உரக்கப் படித்துப் பார்த்து வாக்கியத்தைத் திருத்துதலும், படிப்போனைத் தன்னோடு ஒத்த அறிவினனாக மதித்தலும் ஆராய்ச்சியின் தரத்தைக் குறைக்கா.

மேலும் ஒரு கடமை உண்டு. இன்று நெசவு ஊர்களில் விசைத்தறியின் பேரொலி காதின் ஓய்வையும் கவர்ந்துகொண்டது. செய்தி கைப்பேசித் திரைக்குச் சென்றுவிட்டது. 1950களில் தறியருகே இதழ் படிக்கக் கேட்ட இளைஞர் இன்று எண்பதைக் கடந்த முதியவர். எவ்விதழை எவர் படித்தார், எதனைக் கேட்டு நகைத்தார், எதனை மறுத்துரைத்தார் என்பன அவர்தம் நினைவில் மட்டுமே உள்ளன. இதழ்களின் படிகளை நூலகங்கள் காத்து வைத்துள்ளன; படித்தோரின் நினைவைக் காக்கும் நூலகம் இல்லை. திருத்தணி, பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை முதலிய ஊர்களுக்குச் சென்று அம்முதியோரின் வாய்மொழியைப் பதிவு செய்தலை முதுகலை மாணவர் தம் களப்பணியாகக் கொள்ளுதல் வேண்டும். அதனைக் காலந்தாழ்த்துவோமாயின், தமிழ் இதழ் வரலாறு எழுதினோரின் வரலாறாகவே என்றும் நின்றுவிடும்.