நெய்வண்ணத்தில் நாட்டுப்புறம்

ஓவியம் என்றவுடன் இரவிவர்மாவின் பெயரை மொழிவது நம்மவர் வழக்கம். நம் இல்லங்களின் பூசையறைகளில் தாமரைமேல் நிற்கும் திருமகளும், வீணை ஏந்திய கலைமகளும் பெரும்பாலும் அவர் தூரிகை வழி வந்தோரே. ஆயின் அவருடைய நிழலில் நின்று, நிலக்காட்சிகளை நெய்வண்ணத்தில் தீட்டிய இளவல் இராசராச வர்மாவை அறிந்தோர் மிகச் சிலர். அன்னாரைப் பற்றி இம்மலரில் சில சொல்ல விழைகின்றோம்.

நிலத்தை ஐந்திணையாகப் பகுத்துப் பாடியது நம் இனம். சித்தன்னவாசல் குகையின் விதானத்தில், ஒன்பதாம் நூற்றாண்டிலேயே தாமரைக்குளமும் மீனும் யானையும் மலர் கொய்வோரும் தீட்டப்பெற்றுள்ளனர். எனினும் நெய்வண்ணம் நமக்கு மேலை நாட்டார் வழி வந்தது. திருவிதாங்கூர் அரசவையில் அதனை அறிந்திருந்தவர் மதுரையைச் சார்ந்த இராமசாமி நாயக்கர் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. 1862இல் அங்குச் சென்ற பதினான்கு வயதுச் சிறுவன் இரவிவர்மாவுக்கு அவர் அக்கலையைக் கற்பிக்க மறுத்தாராம். அவருடைய மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளையே மறைவாக உதவினாராம். 1868இல் வந்த தியோடர் சென்சன் என்னும் ஓவியரும் தாம் தீட்டுவதைப் பார்க்க மட்டுமே இசைந்தார். கற்றதை ஒளித்து வைக்கும் இக்குணம் நம் அலுவலகங்களிலும் இன்றும் காணக்கூடியதே, அது நிற்க.

1860இல் கிளிமானூரில் பிறந்த இராசராச வர்மா, தமையனாருக்குச் செயலாளராகவும் கணக்கராகவும் துணை ஓவியராகவும் ஊர் ஊராக உடன் சென்றார். தமையனார் படங்கள் சிலவற்றில், உருவங்களுக்குப் பின்னே தோன்றும் மரமும் நீரும் மலையும் இளவல் கைவண்ணம் என்பர். நாட்குறிப்பும் எழுதி வந்தார்; அஃது இன்று நூலாகக் கிடைக்கின்றது. 1905இல் அவர் மறைய, மறு ஆண்டே தமையனாரும் மறைந்தார்.

வெளியிற் சென்று நெய்வண்ணம் தீட்டுதல் முன்னாளில் எளிதன்று. வண்ணத்தைப் பன்றியின் நீர்ப்பையில் கட்டி வைத்திருந்தனர். 1841இல் சான் கோஃப் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர் தகரக் குழாயைக் கண்டுபிடித்த பின்னரே ஓவியன் வயல்வரப்புக்கு எளிதில் செல்லலாயினான். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் உலர நாட்கள் பல ஆகும். மழைக்காலத்திலோ கேட்கவே வேண்டா. ஆனால் அத்தாமதத்தினாலன்றோ, மாலை வெயில் மண்சுவரில் படியும் மென்மையைச் சிறுகச் சிறுகக் குழைத்துக் காட்ட இயலுகின்றது!

இனி நமக்கு அண்மையதான ஒரு செய்தி. உடன்பிறந்தார் இருவரும் 1894இல் நிறுவிய கல்லச்சுக்கூடம் இம்மும்பையில்தான் தொடங்கிற்று. நமக்கு வடக்கே உள்ள காட்கோபரில் அஃது இயங்கியது. பின்னர் 1899 அளவில் மளவலிக்குப் பெயர்ந்தது. லோணாவளாவுக்கு அடுத்த நிலையம் மளவலி. புனே செல்லும் வழியில் எத்தனையோ முறை அந்நிலையத்தைக் கடந்திருந்தும், இதனை அறியாமலே கடந்துள்ளோம். அங்கிருந்து இல்லந்தோறும் சென்றவை தெய்வப் படங்கள். வயற்காட்சியை விலை கொடுத்து வாங்குவார் அருகினர். மன்னரும் செல்வரும் தத்தம் உருவத்தையே வேண்டினர். இளவலின் புகழ் மங்கியதற்கு இதுவே முதற்காரணம் என்பது எம் துணிபு.

இதனை எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நெல்லைச் சீமையில் எம் தந்தையார் காலத்துத் தொழுவமும், குதிர் வைத்த அறையும், கமலைக் கிணற்றடியும் இன்று இல்லை. பங்கு பிரித்தபோது இடித்துவிட்டனர். எவரும் படம் எழுதி வைக்கவில்லை, நிழற்படமும் இல்லை. இக்குடியிருப்பில் பிறந்து வளர்ந்த எம் மகன், குதிர் என்பது யாது என்று சென்ற பொங்கலன்று வினவினான். நேரக்கணக்கு எழுதும் தாளின் பின்புறத்தில் எழுதுகோலால் வரைந்து காட்டினோம். நெடுநேரம் நோக்கியிருந்து, "மேல்மாடித் தண்ணீர்த் தொட்டியா, அப்பா?" என்றான்.