பூச்சிக்கு முன்னாடியே இருந்த ‘பக்’

ஆபீஸ்ல புதுசா சேர்றவங்களுக்கு ட்ரெய்னிங் எடுக்கும்போது பல வருஷமா ஒரு கதை சொல்லிக்கிட்டு இருந்தேன். 1947 செப்டம்பர் 9, ஹார்வர்டில் மார்க் II கணினி. ரிலே ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கிக்கொண்டது, கிரேஸ் ஹாப்பர் அதைப் பிடுங்கி எடுத்தார், அன்றிலிருந்துதான் கணினிப் பிழைக்கு ‘பக்’ என்று பேர். ஸ்லைடில் பூச்சி ஒட்டிய நோட்டுப் பக்கத்தின் படமும் உண்டு.

போன பேட்ச்சில் ஒரு பொண்ணு கை தூக்கினாள். "சார், ‘நிஜமாவே ஒரு பக் கிடைச்சது இதுதான் முதல் தடவை’ன்ற மாதிரி எழுதியிருக்காங்களே. அப்ப நிஜமில்லாத பக் முன்னாடியே இருந்திருக்கணும்ல?"

எனக்கு வாய் அடைத்துப்போனது. அத்தனை வருஷம் பார்த்த படம், அதிலிருக்கும் வரியை நான் ஒழுங்காப் படிச்சதே இல்லை!

தேடினேன். அவள் சொன்னது சரி. அது எழுதியவர்களின் நக்கல். ‘பக்’ என்றால் கோளாறு என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால்தான் அந்த ஜோக்கே புரியும். எடிசன் 1878லேயே ஒரு கடிதத்தில், புதுக் கண்டுபிடிப்பில் தலைகாட்டும் சின்னச் சின்னக் கோளாறுகளை ‘பக்ஸ்’ என்கிறார். ஹாப்பர் பூச்சிக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பரப்பியவர். பூச்சியை எடுத்தவர் அவரில்லை. அந்த நோட்டு இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பூச்சியோடு.

இன்னும் பின்னால் போனால் அந்த வார்த்தைக்கு ஆறு காலே இல்லை. 1535ல் வந்த கவர்டேல் பைபிளில், 91ஆம் சங்கீதம், இரவில் ‘பக்ஸ்’ பற்றிப் பயப்பட வேண்டாம் என்கிறது. கொசுவோ மூட்டைப்பூச்சியோ இல்லை, பேய் பிசாசு! பூச்சி என்ற அர்த்தம் 17ஆம் நூற்றாண்டில்தான் பரவலாகிறது. இரண்டும் ஒரே வார்த்தைதானா என்பதில் அகராதிக்காரர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. ஒட்டுக்கேட்கும் மைக், ‘என்னை பக் பண்ணாதே’ என்கிற நச்சரிப்பு, ரெண்டு நாள் படுக்கவைக்கும் காய்ச்சல் எல்லாம் அதற்கப்புறம் வந்து ஒட்டிக்கொண்டவை.

நம்ம ஊரிலும் குழந்தையைப் பயமுறுத்துவதை ‘பூச்சி காட்டுறது’ என்கிறோம், பூச்சாண்டியும் இருக்கிறான். (உடனே தமிழ்தான் மூலம்னு கிளம்பிடாதீங்க, ஒற்றுமை அவ்வளவுதான்.)

இந்தத் தேடலில் என்னை உறுத்தியது எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1988ல் எழுதிய ஒரு குறிப்பு. பக் என்று சொல்வதை நிறுத்துங்கள், பிழை என்று சொல்லுங்கள் என்கிறார். நாம் பார்க்காத நேரத்தில் ஏதோ ஒரு ஜந்து தானாக உள்ளே நுழைந்தது மாதிரி அந்தச் சொல் ஒரு எண்ணத்தைத் தருகிறது, பிழையைச் செய்ததோ ப்ரோக்ராமர் என்பது அவர் வாதம்.

சில வருஷம் முன்னாடி வட்டிக் கணக்கு ப்ரோக்ராம் ஒன்றில் பைசாவை முழுசாக்கும் வரியைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டேன். ஒரு மாசத்து அறிக்கை முழுக்கத் தப்பு. கஸ்டமருக்கு நான் அனுப்பிய மெயில்: ‘ஒரு பக் புகுந்துவிட்டது.’ எங்கிருந்தும் எதுவும் புகவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு நான்தான் டைப் பண்ணினேன்.

ஸ்லைடை மாத்தியாச்சு. பழைய கதையைக் கேட்டுட்டுப் போன பேட்ச்சுகளை எங்கே தேடிப் பிடிக்கிறதுன்னுதான் தெரியலை.