சைக்கிளில் வேலைக்குப் போன புதுக்கோட்டைப் பெண்கள்

சைக்கிளை ஏழைகளின் வாகனம் என்பார்கள். ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் அது நெடுங்காலம் ஆண்களின் வாகனமாகத்தான் இருந்தது. ஒரு பெண் ஓட்டினால் ஊரே கேலி பேசும்.

1991-இல் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், படிப்போடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். சைக்கிள் வாங்க வங்கிக் கடனும் கிடைத்தது. கடைகளில் லேடீஸ் சைக்கிள் போதவில்லை. அதனால் பலர் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது கூடுதல் வசதி!

கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள், ஆசிரியைகள் எனப் பலரும் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். விளைபொருள் விற்கும் பெண்களுக்குப் பேருந்துக்காகக் காத்துக்கிடக்கும் நேரம் மிச்சமானது. அதிக ஊர்களுக்குப் போய் விற்க முடிந்ததால் வருமானமும் கூடியது.

கணக்கில் எழுத முடியாத வரவும் ஒன்று உண்டு. எங்கே போவதென்றாலும் அப்பா, அண்ணன், கணவர் என்று யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். தானே மிதித்துப் போகலாம். அந்தச் சந்தோஷம் தெரிந்தபின், கேலி பேசியவர்களை அந்தப் பெண்கள் பொருட்படுத்தவே இல்லை.

இன்று சைக்கிளில் பள்ளிக்குப் போகும் மாணவிகளை யாரும் வியந்து பார்ப்பதில்லை. அவர்களுக்கு முன்னே, கேலியைத் தாங்கிக்கொண்டு மிதித்தவர்கள் இந்தப் பெண்கள்தான்.