சிங்கன் கேட்டான், சிங்கி சொன்னாள்!

குற்றாலத்துக்கு எத்தனை தடவை போயிருப்பீர்கள்? உடம்பெல்லாம் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, அருவிக்கு அடியில் தலையைக் கொடுத்து, நடுங்கிக்கொண்டே வெளியே வந்து, சூடாக எதையாவது தின்று, பை நிறைய நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு... எல்லாம் சரி. இப்போது மூன்றே மூன்று கேள்விகள். பதில் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது!

ஒன்று: நடராஜருக்கு ஐந்து சபைகள் என்பார்கள். அதில் ஒரு சபையில் அவர் சிலையாக இல்லை, சுவரில் ஓவியமாக ஆடுகிறார். எந்த ஊர்?

இரண்டு: ஒன்பது நிலை ராஜகோபுரம். நெடுங்காலம் மேல்பகுதி இல்லாமல் மொட்டையாக நின்றது. திரும்பக் கட்டி முடித்து 1990-ல் கும்பாபிஷேகம் நடந்தது. எந்தக் கோயில்?

மூன்று: சேலத்தில் ஒரு நகை, இலங்கையின் கண்டியில் ஒரு நகை என்று வாங்கிப் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்குத் திரும்பி வந்த பெண்மணி யார்?

முதல் கேள்விக்குப் பதில், நீங்கள் குளித்துவிட்டு வந்த அதே குற்றாலம். அங்கே இருக்கும் சித்திர சபை. இரண்டாவது, தென்காசி காசி விசுவநாதர் கோயில். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பியது. இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் இறங்க வேண்டிய தூரம்தான்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

இப்போது உங்கள் மனசுக்குள் என்ன நடந்தது என்று கவனித்தீர்களா? தெரிந்த கேள்வி வந்ததும் ஒரு சின்னத் துள்ளல். தெரியாதது வந்ததும் 'அட, நாக்கு நுனியில் இருக்கே!' என்று ஒரு தவிப்பு. பரிசு கிடையாது, மார்க் கிடையாது. இருந்தாலும் பதில் தெரிந்தே ஆக வேண்டும் என்கிற அரிப்பு. மனுஷனுக்கு இந்த அரிப்பு இன்று நேற்று வந்ததில்லை. நம்முடைய தொல்காப்பியமே 'பிசி' என்று விடுகதைக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. இலக்கண நூலில் இடம் பிடிக்கிற அளவுக்கு அந்தக் காலத்துத் திண்ணைகளில் விளையாட்டு நடந்திருக்கிறது என்று அர்த்தம்!

சரி, அந்தப் பெண்மணி யார்?

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் மேலகரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. திரிகூடராசப்பக் கவிராயர் அந்த ஊர்க்காரர். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதியதுதான் 'திருக்குற்றாலக் குறவஞ்சி'. மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அதில் மயங்கிப்போய்க் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குப் பெயரே 'குறவஞ்சி மேடு'!

கதை எளிமையானது. பவனி வரும் குற்றாலநாதரைப் பார்த்து வசந்தவல்லி என்கிற பெண் மையல் கொள்கிறாள். அவளுக்குக் குறி சொல்ல ஒரு குறத்தி வருகிறாள். சொல்லி முடித்துப் பரிசும் வாங்கிக்கொள்கிறாள். இதற்கிடையே பறவை பிடிக்க வந்த அவள் கணவன் சிங்கன், பெண்டாட்டியைக் காணாமல் ஊரெல்லாம் தேடி அலைகிறான். கடைசியில் கண்டுபிடித்துவிடுகிறான். ஆனால், அவனுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. சிங்கியின் உடம்பெல்லாம் நகை!

அங்கேதான் ஆரம்பிக்கிறது, தமிழ் இலக்கியத்தின் மிக அழகான க்விஸ் போட்டி.

சிங்கன் கேட்கிறான்: சொல்லாமல் கொள்ளாமல் எங்கே போனாய்? காலில் விரியன் பாம்பு சுற்றிக்கொண்டு கிடக்கிறதே, என்ன அது? சிங்கி அசரவில்லை. பாம்பாவது ஒன்றாவது, சேலத்துப் பக்கம் குறி சொல்லி வாங்கிய சிலம்பு என்கிறாள். விரலில் ஏதோ பூச்சி சுருண்டு கிடக்கிறதே? அது கண்டி தேசத்தில் கிடைத்த பீலி! இப்படியே காலில் ஆரம்பித்து மேலே மேலே போகிறது விசாரணை. அவன் ஒவ்வொரு நகைக்கும் ஒரு தவளையையோ புழுவையோ உவமை சொல்ல, அவள் ஒவ்வொன்றுக்கும் நகையின் பெயரையும் அது வந்த வழியையும் சொல்லச் சொல்ல... கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கு ஒரே பாட்டில் நகைக் கடையும் பூகோள வகுப்பும்!

மேலோட்டமாகப் பார்த்தால் தமாஷ். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சிங்கன் கேட்பது நகையைப் பற்றி மட்டுமா? 'இத்தனை நாள் யாரோடு இருந்தாய்?' என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. சிங்கிக்கும் அது தெரியும். அதனால்தான் ஊர் பெயரோடு, வேலை விவரத்தோடு பதில் சொல்கிறாள். (பி.காம். படித்தவன் கண்ணுக்கு அவள் வாசித்துக் காட்டுவது வரவுக் கணக்கு லெட்ஜராகவே தெரிகிறது. எந்த ஊரில், எதற்காக, என்ன வரவு!) சிங்கனால் சேலத்துக்கும் கண்டிக்கும் போய் ரசீது வாங்கிப் பார்க்க முடியாது. நம்ப வேண்டும், அவ்வளவுதான். நம்புகிறான். சண்டையாக ஆரம்பித்த கேள்வி பதில் சரசமாக முடிகிறது.

எந்த அறிவு விளையாட்டாக இருந்தாலும் அடியில் இருக்கும் சமாசாரம் இதுதான். கேட்பவர் ஒருவர், சொல்பவர் ஒருவர். பதில் சரிதானா என்று யார் தீர்ப்புச் சொல்வது? இந்த ஒரு கேள்வியில் உலகம் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

1965. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம். எட் குட்கோல்ட், டேன் கார்லின்ஸ்கி என்று இரண்டு மாணவர்கள். சின்ன வயதில் பார்த்த சினிமா, கேட்ட ரேடியோ நாடகம், படித்த காமிக்ஸ்... இதையெல்லாம் வைத்து ஒருவரை ஒருவர் மடக்குவது பொழுதுபோக்கு. அதற்கு 'ட்ரிவியா' என்று பெயர் வைத்தார்கள். கல்லூரிப் பத்திரிகையில் எழுதினார்கள், போட்டி நடத்தினார்கள், மறு வருஷமே புத்தகமும் போட்டுவிட்டார்கள். ட்ரிவியா என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. மூன்று சாலைகள் கூடும் இடம் என்று பொருள். நம்ம ஊர் முச்சந்தி! நம் கவிராயரின் பெயரில் இருக்கிற 'திரிகூடம்' என்பதோ மூன்று சிகரம். மூன்றுக்கும் வம்புக்கும் ஏதோ பூர்வ ஜென்ம பந்தம் இருக்கிறது போல!

1979-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் இரண்டு பத்திரிகைக்காரர்கள் இதைப் பலகை விளையாட்டாக மாற்றினார்கள். கிறிஸ் ஹேனி, ஸ்காட் அபாட். விளையாட்டின் பெயர் 'ட்ரிவியல் பர்ஸ்யூட்'. 1984-ல் மட்டும் வட அமெரிக்காவில் சுமார் இரண்டு கோடிப் பெட்டிகள் விற்றன. கேள்வி கார்டின் பின்பக்கத்தில் பதில் அச்சாகியிருக்கும். அச்சில் இருப்பதே வேதவாக்கு.

அங்கேதான் வந்தது வில்லங்கம்! ஃப்ரெட் வொர்த் என்று ஒருவர். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலை. பொழுதுபோக்குக்குத் துணுக்குக் களஞ்சியம் எழுதியவர். தன் புத்தகத்தை யாராவது காப்பி அடித்தால் பிடிக்க வேண்டுமே என்று ஒரு பொறி வைத்திருந்தார். 'கொலம்போ' டி.வி. தொடரில் வரும் துப்பறியும் அதிகாரியின் முதல் பெயர் 'ஃபிலிப்' என்று சொந்தமாக ஒரு புளுகை உள்ளே செருகினார். அந்தப் 'ஃபிலிப்', ட்ரிவியல் பர்ஸ்யூட் கார்டில் பதிலாக வந்து உட்கார்ந்திருந்தார்! வொர்த் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். தோற்றார். உலகத் தகவல்களுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, தகவல்களைத் தொகுத்துத் தந்த விதத்துக்குத்தான் உரிமை உண்டு என்பது நீதிமன்றத்தின் நிலை.

யோசித்துப் பாருங்கள். எத்தனை வீடுகளில் 'ஃபிலிப்' என்று சொன்னவர் ஜெயித்திருப்பார்! நிஜம் தெரிந்தவர் தோற்றிருப்பார்!

இதாவது பரவாயில்லை. பணம் உள்ளே வந்தபோது நடந்தது இன்னும் மோசம். 1956-ல் அமெரிக்க டி.வி.யில் 'ட்வென்டி ஒன்' என்று ஒரு க்விஸ். சார்லஸ் வான் டோரன் என்ற இளம் ஆசிரியர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துபவர், வாரா வாரம் ஜெயித்துக்கொண்டே போனார். நெற்றியைத் துடைப்பார், உதட்டைக் கடிப்பார், கண்ணை மூடி யோசிப்பார், கடைசி நொடியில் பதில் சொல்வார். தேசமே அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. சம்பாதித்தது 1,29,000 டாலர். பிறகு குட்டு உடைந்தது. கேள்வியும் பதிலும் முன்கூட்டியே அவர் கைக்கு வந்திருக்கின்றன. நெற்றி வியர்வைகூட ஒத்திகை! 1959 நவம்பரில் நாடாளுமன்றக் குழு முன்னால் ஒப்புக்கொண்டார். பல்கலைக்கழக வேலையும் போயிற்று.

இந்தியாவில் இந்தக் கதை சாதுவாகவே தொடங்கியது. 1967-ல் கல்கத்தாவில் ஒரு தேவாலயத்தின் கூடத்தில் நீல் ஓ'பிரையன் நடத்தியதைத்தான் நாட்டின் முதல் முறையான பொது க்விஸ் என்கிறார்கள். 1972-ல் ரேடியோவில் போர்ன்விடா க்விஸ். 1985-ல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசுவின் 'க்விஸ் டைம்'. 2000 ஜூலையில் அமிதாப் பச்சன் வந்து உட்கார்ந்து ஒரு கோடி என்றார். அதே வருஷம் நம் வீட்டுக் கூடத்தில் சரத்குமாரும் 'கோடீஸ்வரன்' நடத்தினார். அதுவரை 'அதிகப்பிரசங்கி' என்று திட்டு வாங்கிய பையனெல்லாம் ஒரே இரவில் குடும்பத்தின் நம்பிக்கை நட்சத்திரமாகிவிட்டான்!

இப்போது மறுபடி குற்றாலத்துக்கே வருவோம். பணமும் இல்லாமல், பதில் கார்டும் இல்லாமல் ஒரு பெரிய விளையாட்டை ஆடிய மனிதர் ஒருவர் அங்கே வாழ்ந்தார். டி.கே.சிதம்பரநாத முதலியார். 'ரசிகமணி' டி.கே.சி. (1882-1954). சட்டம் படித்தவர், கோர்ட்டில் மனசு ஒட்டவில்லை. திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டு முற்றத்தில் வட்டமாக ஓர் அமைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் அங்கே கூடுவார்கள். அதனாலேயே அந்தக் கூட்டத்துக்கு 'வட்டத்தொட்டி' என்று பெயர் நிலைத்துவிட்டது. பிற்பாடு டி.கே.சி. குற்றாலத்துக்கு வந்தார், வட்டத்தொட்டியும் கூடவே வந்தது. ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். தலைவர், செயலாளர், சந்தா, மினிட்ஸ் புத்தகம் எதுவும் கிடையாது. சாப்பாடு உண்டு. பாட்டு உண்டு.

டி.கே.சி. ஒரு பாட்டை எடுத்தால் லேசில் விடமாட்டார். திரும்பத் திரும்பச் சொல்வார். ஒரு சொல்லில் நிற்பார். எதிரே இருப்பவரின் முகத்தில் அந்தப் பாட்டு இறங்கும்வரை நகரமாட்டார். அதில் முளைத்ததுதான் அந்த ஆபத்தான கேள்வி: 'இது கம்பன் பாட்டா, இல்லையா?'

கம்பராமாயணத்தில் பத்தாயிரத்துக்கு மேல் பாடல்கள். ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் படி எடுத்த பல நூற்றாண்டுகளில் வேறு கைகளும் அதில் புகுந்திருக்கின்றன. அதை யாரும் மறுப்பதில்லை. பதிப்புகளிலேயே 'மிகைப் பாடல்கள்' என்று தனியாகப் பிரித்து வைப்பார்கள். ஆனால், டி.கே.சி. ஏடுகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. காதை நம்பினார். இது கம்பன் குரல், இது இல்லை என்று தள்ளிக்கொண்டே போனார். தான் ஒப்புக்கொண்ட பாடல்களைத் தனிப் பதிப்பாகவே கொண்டுவந்தார்.

புலவர்கள் கொதித்துவிட்டார்கள். ஆதாரம் எங்கே? உமக்குப் பிடிக்கவில்லை என்றால் அது கம்பன் பாட்டு இல்லை என்று ஆகிவிடுமா? நியாயமான கேள்விதான். ஒரு மனிதரின் ரசனை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது ஏட்டுச் சாட்சி ஆகாது. பாடலை ஒதுக்கிய விஷயத்தில் புலவர்கள் பக்கம்தான் என் ஓட்டு. ஆனால், அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பண்டிதர்களின் பொழிப்புரைக்குப் பயந்து ஓடிய ஒரு தலைமுறையை உட்காரவைத்து, 'பாட்டைக் கேளுங்கள்' என்று கேட்க வைத்தது அந்த வட்டம்தான். அவர் தப்பாகச் சொன்னாலும் அங்கே யாருடைய சொத்தும் போகவில்லை, வேலையும் போகவில்லை. மறுநாள் வேறொருவர் 'இல்லை முதலியார்வாள்' என்று மறுத்துச் சொல்லலாம். சாப்பாடு அதற்காக நிறுத்தப்படாது.

வான் டோரனுக்குப் பதில்கள் எல்லாம் தெரியும். கேள்வியின் சுகம் தெரிய வாய்ப்பே தரப்படவில்லை. கார்டைப் பார்த்து 'ஃபிலிப்' என்றவருக்குத் தான் ஏமாந்ததே தெரியாது. டி.கே.சி.யின் வட்டத்தில் பதில் நிச்சயமில்லை, அதனால் பேச்சு நிற்கவில்லை. நாலு சிநேகிதர்கள் சேர்ந்து ஒருவரை ஒருவர் மடக்கும் விளையாட்டு இன்றைக்கும் எங்கெங்கோ நடந்துகொண்டுதான் இருக்கிறது. கையில் இருக்கும் செல்போன் இரண்டே நொடியில் பதில் சொல்லிவிடுகிறது. அதைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வைத்துவிட்டு, 'எனக்குத் தெரிந்து அது அப்படி இல்லையே' என்று எதிராளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால்தான் ஆட்டம் சூடு பிடிக்கும்.

சரி, போவதற்கு முன் ஒன்று. குற்றாலநாதர் கோயிலுக்குள் போய் வந்திருப்பீர்கள். அந்தக் கோயில் என்ன வடிவத்தில் கட்டப்பட்டிருக்கிறது?

பதில் ஊதினால் சத்தம் வரும். இதற்கு மேல் க்ளூ கிடையாது!