விவிலிய வாசிப்பும் காலவரிசையும்

சமயநூலை நாள்தோறும் ஓர் ஒழுங்குக்கு அமைய ஓதிவருதல் உலகப் பெருஞ் சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவான வழக்காகும். ஆயின், எவ்வொழுங்கில் ஓதுவது என்னும் வினாவுக்கு எக்காலத்தும் ஒரே விடை இருந்ததில்லை. கிறித்தவரிடையே, விவிலிய நிகழ்ச்சிகளை அவை நடந்த கால ஒழுங்கில் நிரற்படுத்தி, ஓராண்டின் 365 நாட்களுக்கும் பகுத்து வாசிக்கும் முறை 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பரவலாயிற்று. அமெரிக்காவில் லகார்ட் ஸ்மித் 1980களில் தொகுத்தளித்த பதிப்பு இவ்வகையில் பெயர்பெற்றது. இதுவே இயல்பான ஒழுங்கு என்றும், நூலில் இன்றுள்ள வரிசை தற்செயலாய் நேர்ந்தது என்றும் எண்ணத் தோன்றுவது இயற்கையே. இவ்வெண்ணம் எத்துணை பொருந்தும் என்பதை அறிதற்கு வாசிப்பின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

விவிலியம் பல நூற்றாண்டுகளில் எழுந்த நூல்களின் தொகுதியாகும். யூதர் தம் மறையைத் தோரா, தீர்க்கதரிசிகள், எழுத்துக்கள் என மூன்றாக வகுத்தனர். இவ்வகுப்பில் அதிகாரமும் வழிபாட்டுப் பயனும் முதன்மை பெற்றன. கிறித்தவரின் பழைய ஏற்பாட்டு வரிசை வேறாயினும், அதுவும் முற்றிலும் காலத்தைப் பின்பற்றியதன்று. எருசலேம் ஆலயத்தை மீளக் கட்டிய செய்தியைக் கூறும் எஸ்றா நூல் தொகுதியின் நடுவே நிற்க, அதே பணியைத் தூண்டிய ஆகாய், சகரியா என்போரின் நூல்கள் இறுதியை அடுத்து நிற்கின்றன. புதிய ஏற்பாட்டிலும் பவுலின் நிருபங்கள் பெரும்பாலும் நீளம் பற்றியே முறைப்படுத்தப்பட்டுள்ளன.

இந்நிலையை யூத அறிஞர் நன்கு உணர்ந்திருந்தனர். எண்ணாகமத்தின் முதலாம் அதிகாரம் இரண்டாம் ஆண்டின் இரண்டாம் மாதத்தில் தொடங்குகின்றது. ஒன்பதாம் அதிகாரமோ அதே ஆண்டின் முதலாம் மாதத்துக்கு மீள்கின்றது. இத்தகைய இடங்களை ஆராய்ந்த தல்மூத் அறிஞர், தோராவில் முன் பின் என்னும் வரையறை இல்லை என விதி வகுத்தனர். அதேவேளை, உலகத் தோற்றம் முதலாக நிகழ்ச்சிகளுக்கு ஆண்டுக் கணக்கு வகுக்கும் ‘சேதர் ஓலம்’ என்னும் நூலும் அவர்களிடையே எழுந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான யோசே பென் ஹலஃப்தா அதன் ஆசிரியராகப் போற்றப்படுகின்றார். எனினும், தொழுகைக்கூடத்து வாசிப்பை அக்கணக்கு மாற்றவில்லை. பாபிலோனிய யூதர் ஓராண்டிலும் பாலஸ்தீன யூதர் ஏறத்தாழ மூன்றாண்டிலும் தோராவை உள்ளவாறே ஓதி முடித்தனர். காலக்கணக்கு கல்விக்கு உரியதாகவும், மரபு வரிசை ஓதலுக்கு உரியதாகவும் பிரிந்து நின்றன எனலாம்.

கிறித்தவருள் இப்பிரிவினைக் கடக்க முற்பட்டவருள் முதன்மையானவர் சீரிய நாட்டுத் தாசியன் ஆவார். ஏறத்தாழ கி.பி. 170இல் அவர் நான்கு சுவிசேஷங்களையும் பின்னி ஒரே தொடர்கதையாக்கினார். ‘தியாதெசரோன்’ எனப்பட்ட அந்நூல் சீரிய திருச்சபைகளிற் பல தலைமுறை வழிபாட்டிற் பயின்றது. இவ்வாறு பின்னுவோர் இடந்தோறும் தீர்ப்புக் கூறவேண்டியவராயினர். ஆலயத்தினின்று வணிகரைத் துரத்திய நிகழ்ச்சியை யோவான் இயேசுவின் பணித் தொடக்கத்தில் வைக்க, ஏனைய மூவரும் அதனை இறுதி வாரத்தில் வைக்கின்றனர். அது ஒருமுறை நடந்ததா, இருமுறை நடந்ததா? ஒருமுறை எனின் எவர் கூற்றை இடம்மாற்றுவது? எம்முடிவு கொள்ளினும் ஒரு சுவிசேஷகர் தம் நோக்கம் கருதி அமைத்த அமைப்புக் குலைகின்றது. 5ஆம் நூற்றாண்டில் சைரஸ் நகர ஆயரான தியோதொரேத்து, தம் ஆட்சிக்குட்பட்ட திருச்சபைகளிலிருந்து இந்நூலின் இருநூறுக்கும் மேற்பட்ட படிகளை அகற்றி, நான்கு சுவிசேஷங்களை அவற்றின் இடத்தில் வைத்ததாகக் குறித்துள்ளார். முரண்பாடற்ற ஒரு கதையைவிட நான்கு சாட்சிகளின் தனிக்குரல்களே பெறுமதி மிக்கவை என்னும் முடிபு இவ்வாறு நிலைபெற்றது.

நாள்தோறும் வாசிக்கும் வழக்கம் இதனின் வேறான வழியில் வளர்ந்தது. 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ற் வகுத்த துறவியர் ஒழுங்கு, 150 சங்கீதங்களையும் வாரந்தோறும் ஓதி முடிக்குமாறு பணித்தது. 1549இல் வெளியான ஆங்கிலத் திருச்சபையின் பொதுச் செபநூலில், பேராயர் கிரான்மர் பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி ஆண்டுக்கு ஒருமுறையும், சங்கீதங்கள் மாதம் ஒருமுறையும் வாசிக்கப்பட வழி செய்தார். அங்கும் ஏசாயா நூல் தன் வரிசையினின்று பெயர்க்கப்பட்டுக் கிறிஸ்து பிறப்புக்கு முந்திய ஆயத்த காலத்துக்கு ஒதுக்கப்பட்டது. வரலாற்றுக் காலத்தினும் வழிபாட்டுக் காலமே அங்கு மேலோங்கியது. ஸ்கொத்லாந்தின் டண்டீ நகரக் குருவான றொபேட் மறி மக்செய்ன் 1842இல் தம் சபையாருக்கு வகுத்த அட்டவணை, நாளொன்றுக்கு நான்கு அதிகாரங்களை விதித்தது. ஆண்டின் முதல் நாளில் ஆதியாகமம், எஸ்றா, மத்தேயு, அப்போஸ்தலர் நடபடிகள் ஆகிய நான்கும் ஒருங்கே தொடங்கும். உலகின் தோற்றம், சிறைமீட்சி, கிறிஸ்துவின் பிறப்பு, திருச்சபையின் உதயம் என நான்கு தொடக்கங்கள் ஒரே நாளில் வாசிப்போன் முன் நிற்பதைக் காணலாம்.

காலவரிசை வாசிப்புக்கு நேரான வித்து 17ஆம் நூற்றாண்டில் இடப்பட்டது. யோன் லைற்ஃபுற் 1647இல் பழைய ஏற்பாட்டுப் பகுதிகளைக் கால ஒழுங்கிற் காட்டும் நூலை வெளியிட்டார். அயர்லாந்தின் அர்மா நகரப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் வெளியிட்ட ஆண்டுநூலில், உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டதெனக் கணித்தார். 1701 முதல் ஆங்கில விவிலியப் பதிப்புகளின் ஓரங்களில் அவர் கணிப்பைத் தழுவிய ஆண்டுகள் அச்சாயின. நூலின் எப்பக்கத்தைத் திறப்பினும் ஓர் ஆண்டு கண்ணிற்படும் நிலை உண்டாயிற்று. லைற்ஃபுற்றின் ஒழுங்கைத் துணைக்கொண்டு, ஜோர்ஜ் டவுன்சென்ட் என்னும் குரு 1821இல் பழைய ஏற்பாடு முழுவதையும் இடையறாத ஒரு வரலாறாக வாசிக்கத்தக்கவாறு மாற்றியமைத்தார்.

இம்முறையின் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. இராஜாக்கள் நூலில் எசேக்கியா மன்னன் அசீரியரால் முற்றுகையிடப்படும்போது ஏசாயாவின் குரலையும், கி.மு. 586 அளவில் எருசலேம் வீழும்போது எரேமியாவின் புலம்பலையும் ஒருசேரக் கேட்பவன், தீர்க்கதரிசனத்தைக் காலங்கடந்த பொதுமொழியாக மட்டும் கொள்ளமாட்டான். அரசியல் நெருக்கடி ஒன்றில், கேட்க மறுத்த ஆட்சியாளரை நோக்கி எழுந்த சொல்லாக அது அவனுக்கு விளங்கும்.

ஆயின், ‘காலம்’ என்னும் சொல் இங்கு இரு பொருளைத் தாங்கி நிற்கின்றது. நிகழ்ச்சி நடந்த காலம் ஒன்று. நூல் எழுந்த காலம் மற்றொன்று. 51ஆம் சங்கீதத்தின் தலைப்பு, தாவீது தன் பாவத்தை நாத்தான் உணர்த்திய வேளையிற் பாடியது என்கிறது. காலவரிசைப் பதிப்புகளும் அதனை அவ்விடத்தே வைப்பன. அதன் இறுதி அடிகளோ எருசலேமின் மதில்களைக் கட்டுமாறு வேண்டுகின்றன. அம்மதில்கள் இடிந்து கிடந்த பிற்கால மக்களும் அப்பாடலைத் தமதாக்கிப் பாடினர் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. அங்ஙனமாயின் அப்பாடல் எக்காலத்துக்கு உரியது? யோபு நூலும் இத்தகையதே. கதை முற்பிதாக்களின் காலத்தை நினைவூட்டுவதால் அது ஆதியாகமத்தின் அருகே வைக்கப்படுகின்றது. அதன் பாடற்பகுதியோ பல நூற்றாண்டு பிற்பட்டது என்பர்.

ஜெர்மானிய அறிஞர் வெல்ஹவுசன் 1878இல் வெளியிட்ட ஆய்வு இச்சிக்கலைக் கூர்மையாக்கியது. ஆதியாகமத்தின் முதலாம் அதிகாரம் உட்பட்ட குருத்துவ மரபுப் பகுதிகள் பாபிலோனியச் சிறைவாசத்துக்குப் பின்னர் உருப்பெற்றவை என அவர் வாதித்தார். அவர் முடிபுகள் பல பின்னர் மறுக்கப்பட்டன. எனினும், முதலில் வாசிக்கப்படுவது முதலில் எழுதப்பட்டதாக வேண்டியதில்லை என்பது ஆய்வுலகில் நிலைத்தது. புதிய ஏற்பாட்டிலும், கி.பி. 50 அளவில் எழுதப்பட்ட தெசலோனிக்கேயருக்கான முதலாம் நிருபம், கி.பி. 70ஐ ஒட்டி எழுந்ததாகக் கருதப்படும் மாற்கு சுவிசேஷத்துக்கு முற்பட்டது. எழுந்த காலம் பற்றி வாசிப்போன் இயேசுவின் வரலாற்றை விரிவாக அறியுமுன்னரே அவர் வருகையை எதிர்நோக்கியிருந்த சபையைச் சந்திப்பான்.

நாள்தோறும் பயிலும் ஒழுங்கு மெல்ல மெல்ல வாசிப்போனின் சிந்தனையாகிவிடும் இயல்புடையது. சுவிசேஷங்களை ஒரே கதையாகவே கேட்டு வளர்ந்த சீரியக் கிறித்தவருக்கு அதுவே சுவிசேஷமாயிருந்தது; ஓரத்து ஆண்டுகளுடன் நூலைப் பயின்ற ஆங்கிலேயருட் பலருக்கு அவ்வாண்டுகளும் மறையின் பகுதியாகவே தோன்றின. காலவரிசையும் மூலத்தின்மேல் இடப்பட்ட ஓர் உரையே ஆகும். உரையை உரையென அறிந்து கற்பவனுக்கு அது சிறந்த துணை. மூலமென மயங்குபவனோ, ஒரு தொகுப்பாளரின் தீர்ப்பைத் தன்னையறியாமலே நாள்தோறும் ஏற்றுக்கொள்பவனாகின்றான்.