கண்ணாடியை ஒட்ட வைத்த கதை

ஃபைபர் ஆப்டிக் வரலாற்றை யார் எழுதினாலும் சில பேர்கள் வரிசையா வந்துடும். 1954-ல் 'நேச்சர்' இதழில் கண்ணாடி இழைக்கற்றை வழியாகப் படத்தை அனுப்பலாம் என்று எழுதிய ஹாப்கின்ஸும் நம்ம பஞ்சாப்காரர் நரிந்தர் சிங் கபானியும். 1966-ல், கண்ணாடியில் இருக்கும் அழுக்கை நீக்கினால் கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் இழப்புக்குக் கொண்டுவரலாம், அப்புறம் தொலைபேசிக்கே இதைப் பயன்படுத்தலாம் என்று கட்டுரை போட்ட சார்லஸ் காவும் ஜார்ஜ் ஹாக்கமும். 1970-ல் அதை 17 டெசிபெல்லுக்கே இறக்கிக் காட்டிய கார்னிங் நிறுவனத்தின் மாரர், கெக், ஷுல்ட்ஸ். பிறகு 2009-ல் காவுக்கு நோபல் பரிசு. சுபம். வணக்கம்.

இந்தக் கதையில எனக்கு ரொம்ப நாளா ஒரு இடறல். சுத்தமான கண்ணாடி கிடைச்சாச்சு, சரி. ஆனா ஒரு கேபிள் ட்ரம்மில் சில கிலோமீட்டர் நீளம்தானே சுத்த முடியும்? ஊர் விட்டு ஊர் போகணும்னா ஒரு ட்ரம் முடியுற இடத்துல அடுத்த ட்ரம்மைச் சேர்க்கணும். அதுவும் லேபில் இல்லை. ரோட்டோரத்துல, மேன்ஹோலுக்குள்ள, மழையில, தூசியில. அதை எப்படிச் சேர்த்தாங்க? யார் சேர்த்தாங்க? இந்தக் கேள்விக்கான பதில் எந்த சுருக்கமான வரலாற்றிலும் வர்றதில்லை. அதைத் தேடிப் படிச்சதுல கிடைச்சதுதான் இது.

செம்பு வேற, கண்ணாடி வேற

செம்புக் கம்பின்னா தோலை உரிச்சு, ரெண்டையும் முறுக்கி, மேலே டேப் சுத்தினா முடிஞ்சது. கம்பி ரெண்டும் தொட்டா போதும், மின்சாரம் வழி கண்டுபிடிச்சுப் போயிடும்.

ஒளி அப்படிப் போகாது. இப்போ நெடுந்தூரத்துக்குப் பயன்படுத்தும் சிங்கிள் மோட் இழையின் கண்ணாடி மொத்தமே 125 மைக்ரான். அதாவது கொஞ்சம் தடிச்ச தலைமுடி. அதுக்குள்ள ஒளி ஓடுற கோர் வெறும் 9 மைக்ரான்தான். இந்தப் பக்கத்து 9 மைக்ரானும் அந்தப் பக்கத்து 9 மைக்ரானும் நேருக்கு நேர் உட்காரணும். 1 மைக்ரான் விலகினால் ஏறக்குறைய 0.2 டெசிபெல் போச்சு. 2 மைக்ரான் விலகினால் அது நாலு மடங்கு. நடுவுல காற்று இடைவெளி இருந்தா கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வரும்போது சுமார் 4 சதவீதம், மறுபடி கண்ணாடிக்குள் போகும்போது இன்னொரு 4 சதவீதம் திரும்பிடும்.

ஒரு சின்னக் கணக்கு. 100 கிலோமீட்டர் பாதை, 4 கிலோமீட்டர் ட்ரம்கள். நடுவில் 24 ஜாயின்ட். இன்றைய இழை கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் மட்டுமே இழக்கும், மொத்தம் 20. ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் 0.5 போச்சுன்னு வைங்க: கூடுதலா 12 டெசிபெல். அதாவது யாரும் போடாத 60 கிலோமீட்டர் கேபிளை நாமே பாதையில சேர்த்த மாதிரி! ஜாயின்ட்டுக்கு 0.05-ன்னா 1.2 டெசிபெல், வெறும் 6 கிலோமீட்டர்தான். கார்னிங் ஆட்கள் கண்ணாடியிலிருந்து அரும்பாடு பட்டு நீக்கின இழப்பை, ஒரு மோசமான ஜாயின்ட் நிமிஷத்துல திருப்பிக் கொண்டுவந்துடும்.

முதல் வேலை: வெட்டுறது

ஒட்டுறதுக்கு முன்னாடி நுனி ஒழுங்கா இருக்கணும். கத்தரிக்கோலால வெட்டினா நுனி நொறுங்கும். பாலிஷ் போட்டு மட்டமாக்கலாம், ஆனா மேன்ஹோலுக்குள்ள ஒவ்வொரு இழைக்கும் பாலிஷ் போட்டுக்கிட்டிருந்தா பொழுது விடிஞ்சிடும்.

கண்ணாடிக் கடையில பாத்திருப்பீங்க. கடைக்காரர் வைரமுனைக் கட்டரால ஒரு கோடு போடுவார், அப்புறம் மெதுவா ஒரு அழுத்து. நேர்க்கோட்டுல பிளந்துக்கும். கண்ணாடியை வெட்டுறதில்லை, ஒரு கீறல் போட்டு அதுவா உடைய வைக்கிறோம். இழைக்கும் அதே தத்துவம்தான். ஆனா எவ்வளவு இழுக்கணும், எவ்வளவு வளைக்கணும்? அதிகமா இழுத்தா நுனி கரடுமுரடாகும். அதிகமா வளைச்சா ஒரு ஓரத்துல உதடு மாதிரி நீட்டிக்கும். பெல் லேப்ஸில் க்ளோகே, ஸ்மித், பிஸ்பி, சின்னாக் ஆகிய நால்வர் இந்த இழுவைக்கும் வளைவுக்கும் உள்ள கணக்கைப் போட்டு, கண்ணாடி மாதிரியே பளபளன்னு நுனி கிடைக்க வழி சொன்னது 1973-ல். இன்னைக்கு டெக்னீஷியன்கள் பையில் இருக்கும் க்ளீவர் என்ற சின்னக் கருவி, அந்தக் கணக்கை உள்ளே வச்சுக்கிட்டிருக்கு. மூடியை மூடி, பிளேடை ஒரு தள்ளு. அவ்வளவுதான்.

காவ் பேரு தெரிஞ்ச எத்தனை பேருக்கு இந்த நாலு பேரைத் தெரியும்? எனக்கும் போன மாசம் வரை தெரியாது :)

இரண்டாவது வேலை: உருக்குறது

மேலே நாலு பேர்ல பிஸ்பின்னு ஒருத்தர் வந்தாரில்லையா, அவரே 1971-ல் ரெண்டு இழை நுனிகளைச் சூடாக்கி ஒட்டிக் காட்டினார். மின்சாரத்தால சூடேறும் கம்பிதான் அடுப்பு. அது சீக்கிரம் உருகும் வகைக் கண்ணாடிக்கு எடுபட்டது. ஆனா இழப்பு குறைந்த இழை சிலிக்காவில் செய்தது. அது இளக வேண்டுமானால் 1,700 டிகிரி செல்சியஸுக்கு மேலே போகணும். அந்தச் சூட்டில் சாதாரண ஹீட்டர் கம்பியே உருகி ஓடிடும்.

தீர்வு, வெல்டிங் பட்டறையில இருக்கிற அதே மின்வில். 1976-ல் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே பொறி பறக்கவிட்டு, அதன் நடுவில் இழைகளை வச்சு உருக்கினார்கள். இங்கே இயற்கையே ஒரு உதவி செய்தது. உருகின கண்ணாடிக்குப் பரப்பு இழுவிசை உண்டு. தண்ணீர்த் துளி தானா உருண்டையாகுதே, அதே விசை. இழைகள் கொஞ்சம் விலகி இருந்தாலும் உருகும்போது அது இரண்டையும் நேராக இழுத்துவிடும். ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 1970-களின் பிற்பகுதியில் இதை நல்லாவே பயன்படுத்திக்கிட்டாங்க.

ரோட்டுக்கு வந்த கண்ணாடி

1976-ல் பெல் சிஸ்டம் அட்லாண்டாவில் ஒரு சோதனை நடத்தியது. ஒரே கேபிளில் 144 இழைகள். பன்னிரண்டு பன்னிரண்டாக ரிப்பன் மாதிரி அடுக்கி, 12 ரிப்பன்கள். அடுத்த வருஷம், 1977 மே மாதம், சிகாகோ தெருக்களுக்கு அடியில் சுமார் இரண்டரை கிலோமீட்டர் கேபிள், அதில் நிஜமான தொலைபேசிப் பேச்சு. அதற்குச் சில வாரம் முன்னாடி, ஏப்ரல் 1977-ல், ஜிடிஇ நிறுவனம் கலிஃபோர்னியாவின் லாங் பீச் பகுதியில் முந்திக்கொண்டது.

சிகாகோவில் ஜாயின்ட் பிரச்சினையை எப்படிச் சமாளிச்சாங்கங்கிறதுதான் எனக்குப் பிடிச்ச இடம். மேன்ஹோலில் இறங்குறவரை நம்பி இவ்வளவு நுட்பமான வேலையை விட பெல் ஆட்களுக்கு மனசு வரலை. அதனால கஷ்டமான பாகத்தைத் தொழிற்சாலையிலேயே முடிச்சுட்டாங்க. சிலிக்கான் சில்லில் மிகத் துல்லியமான பள்ளங்கள் அரிச்செடுத்து, ரிப்பனின் 12 இழைகளையும் அதில் படுக்க வச்சு, நுனிகளை அங்கேயே பாலிஷ் போட்டு அனுப்பினாங்க. தெருவில் இருப்பவர் ரெண்டு சில் அடுக்குகளையும் எதிரெதிரே பொருத்தினா போதும், 12 இழையும் ஒரே மூச்சில் சேர்ந்துக்கும். சாஃப்ட்வேர்க்காரங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, ப்ரொடக்ஷனில் கம்பைல் பண்ணாதே, இங்கேயே பில்ட் பண்ணி அனுப்புங்கிற கதை :)

இன்னொரு சலுகையும் இருந்தது. அப்போதைய இழைகள் மல்டி மோட். கோர் 50 மைக்ரானுக்கு மேலே. ஒரு மைக்ரான் அப்படி இப்படி ஆனாலும் ஒளி தடுக்கி விழாது. முதல் தலைமுறை வலையமைப்பு மல்டி மோடில் அமைந்ததற்கு இந்த வசதியும் ஒரு காரணம்.

ஒன்பது மைக்ரான் சவால்

ஆனா மல்டி மோடில் தூரமும் வேகமும் கூடக் கூட சிக்னல் குழம்பும். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்சிஐ நிறுவனம் துணிந்து கார்னிங்கிடம் ஒரு லட்சம் கிலோமீட்டர் சிங்கிள் மோட் இழை கேட்டது. அதோட சலுகைக் காலம் முடிஞ்சது. இனி ஒவ்வொரு ஜாயின்ட்டும் 9 மைக்ரானை 9 மைக்ரானோடு சேர்க்கணும், ஆயிரக்கணக்கான மேன்ஹோல்களில்.

இதுக்கு இரண்டு விதமா விடை வந்தது. ஒன்று, சீமென்ஸ் வழி. ஜாயின்ட்டுக்கு முன்னாடி இழையைக் கொஞ்சம் வளைச்சு வெளியிலிருந்தே ஒளியை ஏத்துறது, ஜாயின்ட்டுக்கு அப்புறம் மறுபடி வளைச்சு எவ்வளவு வருதுன்னு அளக்குறது, அளவு உச்சத்துக்கு வரும் வரை இழையை நகர்த்துறது. இன்னொன்று, ஜப்பானிய நிறுவனங்களின் வழி. பக்கவாட்டில் வெளிச்சம் பாய்ச்சி, கேமராவில் கோரையே பார்த்து, மோட்டார் வச்சு நேராக்குறது. 1980-களில் இந்த மெஷின்கள் வந்ததும் கைப்பக்குவமா இருந்த வேலை பட்டன் வேலையா மாறிச்சு.

கூடவே சத்தமில்லாம இன்னொண்ணும் நடந்தது. இழை செய்யுறவங்க கோரை நட்டநடுவுல வைக்கக் கத்துக்கிட்டாங்க. கோர் சரியா நடுவில் இருந்தா, வெளி விளிம்பைச் சேர்த்தாலே உள்ளேயும் சேர்ந்துடும். வீட்டுக்கு வீடு ஃபைபர் இழுக்கும்போது விலை குறைந்த மெஷினே போதும்கிற நிலைமை அதனாலதான் சாத்தியமாச்சு.

நுனியும் நடுவும்

ஜாயின்ட் மட்டுமில்லை, கேபிள் முடியும் இடத்தில் கனெக்டர் போடணும். ஆரம்ப காலத்தில் சிரிஞ்சில் எபாக்சி ஏத்தி, பீங்கான் குழலுக்குள் இழையை நுழைத்து, குட்டி அடுப்பில் சுட வச்சு, நீட்டிக்கிட்டிருக்கிற நுனியை உடைச்சு, பாலிஷ் தாளில் எட்டுப் போட்டுத் தேய்க்கணும். ஆமாங்க, ஆர்டிஓ ஆபீஸ் மாதிரியே எட்டு! அப்புறம் தொழிற்சாலையிலேயே கனெக்டர் போட்ட துண்டு இழை, அதாவது பிக்டெயில், வந்தது. களத்தில் அதை உருக்கி ஒட்டினா போதும். கஷ்டமான பாகத்தை உள்ளே முடிச்சு அனுப்புற அதே சிகாகோ யோசனைதான்.

எல்லாத்தையும் விட நெஞ்சு படபடக்குற வேலை ஒன்று உண்டு. ஓடிக்கிட்டிருக்கிற கேபிளை நடுவில் திறந்து, ஒரே ஒரு இழையை மட்டும் வெளியே எடுப்பது. மேலுறையை உரிக்கணும், உள்ளே இருக்கும் குழாயை நீளவாக்கில் கீறித் திறக்கணும், ஜெல்லைத் துடைக்கணும், நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்புன்னு நிறம் பார்த்துச் சரியான இழையைப் பிடிக்கணும். மத்ததெல்லாம் அந்த நிமிஷம் யாரோ ஒருத்தருடைய வீடியோ காலையோ, ஏடிஎம் பரிவர்த்தனையையோ சுமந்துக்கிட்டிருக்கும். தப்பான நிறத்தை வெட்டினா 'அண்டூ' கிடையாது. இதுக்கு மெஷின் கிடையாது. இன்னைக்கும் மனுஷக் கைதான்.

ஸ்லீவ் விஷயமும் அப்படித்தான். ஒட்டின இடத்தைக் காக்கிற அந்தச் சின்னக் குழாயை ஒட்டுறதுக்கு முன்னாடியே இழையில் கோத்திருக்கணும். மறந்தா, ஜாயின்ட் எவ்வளவு அருமையா வந்திருந்தாலும் வெட்டிப் போட்டுட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

கடைசியில் நிற்பது யார்?

2008 ஜனவரி 30-ஆம் தேதி எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா அருகே கடலுக்கடியில் இரண்டு பெரிய கேபிள்கள் அறுந்தன. இந்தியாவின் இணையம் பாதிக்கும் கீழே நொண்டியடிச்சது. அதைச் சரிசெய்தது எந்த சர்வரும் இல்லை, எந்த ரூட்டரும் இல்லை. கப்பலில் போய், அறுந்த நுனிகளைக் கொக்கி போட்டு மேலே இழுத்து, நடுவில் புதுக் கேபிள் துண்டு வைத்து, ஆடுற கப்பலின் அறைக்குள் உட்கார்ந்து இழை இழையாக உருக்கி ஒட்டியவர்கள்தான். முறை, 1970-களில் கண்டுபிடித்த அதே வெட்டு, அதே மின்வில்.

நோபல் கமிட்டி காவைப் பாராட்டினதில் எந்தத் தப்பும் இல்லை. கண்ணாடி வழியா உலகம் பேசும்னு முதல்ல நம்பினவர் அவர். ஆனா அவர் நம்பிக்கை ஒரு ட்ரம் நீளத்தோட நின்னு போகாம இருந்ததுக்குக் காரணம், நுனிகளை வெட்டவும் ஒட்டவும் வழி கண்டுபிடிச்சவங்களும், அதைத் தெருவில் இறங்கிச் செய்தவங்களும். நாம சாஃப்ட்வேரில் 'நெட்வொர்க் இருக்கும்'னு சாதாரணமா எடுத்துக்குறோம் இல்லையா, அந்த 'இருக்கும்' என்ற வார்த்தைக்குள்ள இத்தனை ஜாயின்ட் இருக்கு.

அதனால அடுத்த தடவை உங்க தெருமுனையில் குடையைப் பிடிச்சுக்கிட்டு, சின்னப் பெட்டிக்குள்ள உத்துப் பாத்துக்கிட்டு ஒரு அண்ணன் உட்கார்ந்திருந்தா, பக்கத்துல போய்த் தும்மிடாதீங்க. 9 மைக்ரான் வேலை நடந்துக்கிட்டிருக்கு :)