தூக்கக்கூடாத கை: புற்றுநோய்ச் சிகிச்சையும் படிப்படியான உடற்பயிற்சியும்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட பெண்களுக்கு நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த அறிவுரை, அந்தப் பக்கக் கையால் கனமான எதையும் தூக்காதீர்கள் என்பது. அக்குளின் நிணநீர்க் கணுக்களை அகற்றிவிட்டால் நீர் வடியும் வழி குறைகிறது. கை உழைத்தால் இரத்த ஓட்டம் கூடும், நீர் தேங்கும், வீக்கம் வரும் என்று காரணமும் சொன்னார்கள். தருக்கம் சரியாகத்தான் இருந்தது. சோதித்துப் பார்த்தவர்தாம் இல்லை.

1996இல் வான்கூவரில், விளையாட்டு மருத்துவர் டான் மெக்கென்சி இச்சிகிச்சை முடித்த 24 பெண்களுக்குச் சில மாதம் பயிற்சி தந்து, பலர் சேர்ந்து ஓட்டும் டிராகன் படகில் துடுப்புப் போட வைத்தார். ஒருவருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாத முயற்சி அது, நிரூபணமாகாது. ஆனால் தடையின் மேல் ஐயம் விழுந்துவிட்டது.

அந்த ஐயத்தை முறையாகச் சோதித்தது அமெரிக்க ஆய்வாளர் காத்ரின் ஷ்மிட்ஸின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு. ஏற்கெனவே கை வீக்கம் உள்ள 141 பெண்களில் ஒரு பாதியினர் ஓராண்டு, வாரம் இருமுறை எடை தூக்கினார்கள். வீக்கம் மோசமானதாகப் பதிவானோர் அவர்களில் 14 விழுக்காடு, தூக்காதவர்களில் 29. இந்த எண்களைவிட முக்கியம், பயிற்சி நடந்த விதம். கையில் அழுத்த உறை அணிந்தார்கள். மிகக் குறைந்த எடையில் தொடங்கினார்கள். தொந்தரவு இல்லை என்றால் மட்டுமே மிகச் சிறிய அளவு கூட்டினார்கள். முதல் 13 வாரம் பயிற்றுநர் உடனிருந்தார். எடைக்கு மேல்வரம்பு மட்டும் விதிக்கப்படவில்லை. ஆக, மென்மை என்பது எடையின் அளவில் இல்லை, ஏறும் வேகத்தில் இருக்கிறது.

இதை, இனி எதையும் தூக்கலாம் என்று படிப்பது தவறு. உடல் பருமனும் கை வீக்கமும் உள்ள 351 பெண்களிடம் அதே ஷ்மிட்ஸ் குழு பின்னர் வீட்டுப் பயிற்சியைச் சோதித்தபோது வீக்கம் குறையவில்லை. அருகில் பயிற்றுநர் இருப்பதற்கு மதிப்பு உண்டு என்பதற்கு இது ஒரு குறிப்பாகவேனும் நிற்கிறது.

2025இல் வெளியான பெருங்குடல் புற்றுநோய் ஆய்வும் அதே பக்கம்தான் சாய்கிறது. அறுவையும் கீமோதெரபியும் முடித்த 889 பேரில் ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி பற்றிய கையேடு மட்டும். மற்றதற்கு மூன்றாண்டுப் பயிற்சியும் ஆலோசகர் துணையும். எட்டாண்டு கழித்து உயிரோடிருந்தோர் முதல் குழுவில் 83.2 விழுக்காடு, இரண்டாவதில் 90.3. கேட்கப்பட்ட கூடுதல் உழைப்போ, வாரம் மூன்று நான்கு நாள் முக்கால் மணி நேர விரைநடை அளவுதான்.

நம் ஊரில் உடனே ஒரு மறுப்பு எழும்: வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே? இல்லை. தண்ணீர்க் குடம் அரை கிலோவில் தொடங்கி வாரம் ஒரு பங்கு கூடுவதில்லை. முழுக் கனத்தோடுதான் இடுப்பில் ஏறுகிறது. காய்ச்சல் நாளிலும் இரத்தத் தட்டணுக்கள் குறைந்த வாரத்திலும் அது காத்திருப்பதுமில்லை. எலும்புக்கு நோய் பரவியவருக்கு எந்த அசைவு ஆகும், எது ஆகாது என்று சொல்லவும் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும்.

கூட்டம் நிறைந்த மருத்துவமனைகளில் ஆளுக்கொரு பயிற்றுநர் சாத்தியமில்லை என்பது உண்மை. ஆனால் குழுவாகப் பயிற்றலாம். மெக்கென்சியின் படகும் ஒரு குழுதான். “லேசாக நடங்கள்” என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்புவது சிகிச்சையாகாது. டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைப் பெயர்களுக்குக் கீழே, பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்க வேண்டிய தேதியும் எழுதப்பட வேண்டும்.